கரை ஒதுங்கிய முகங்கள்



நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில் எங்கள் பள்ளியில் ஒரு கைவினைக் கண்காட்சி நடைபெற்றது. அதற்கு விதிகள் வகுத்தவன் நானே. மண், மரம், பனையோலை, துணி ஆகிய மரபுப் பொருள்களால் ஆன வேலைப்பாடுகள் மட்டுமே ஏற்கப்படும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், மிதிவண்டி பழுது பார்ப்பவரின் மகன், அறுந்த சங்கிலி, தேய்ந்த பல்சக்கரம், மணியின் மூடி, உடைந்த விளக்கின் கண்ணாடி ஆகியவற்றைக் கம்பியால் பிணைத்து ஒரு முகம் செய்து கொண்டுவந்தான். நான் விதியை எடுத்துக் காட்டினேன். அவன் வாதாடவில்லை. அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின், வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கலையைப் பற்றிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் என் கை நின்றது. கார்ச் சக்கரத்தின் நடுவே பொருத்துவார்களே, பட்டறைக்காரர்கள் வீல் கப் என்று சொல்லும் பளபளப்பான வட்ட மூடி, அதனால் ஆகிய ஒரு முகமூடி அது. செய்தவர் பெயர் லாரி பெக். அவர் யூப்பிக் மரபினர் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. மரபுக்கும் வீல் கப்புக்கும் என்ன உறவு என்ற கேள்வி என்னை விடவில்லை. அக்கேள்வியைத் தொடர்ந்து சென்று நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் யூப்பிக் மக்கள் யார் என்று பார்ப்போம். வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் அலாஸ்கா இருக்கிறது. 1867-இல் உருசியா அதனை அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு விற்றது. அதன் தென்மேற்குக் கரையில், யூக்கான், கஸ்கோக்விம் என்னும் இரு பேராறுகள் பேரிங் கடலில் கலக்கும் சதுப்பு நிலத்திலும் அதனை ஒட்டிய கரைகளிலும் வாழ்பவர்களே யூப்பிக் மக்கள். பழைய பூகோளப் புத்தகங்கள் இவர்களையும் எஸ்கிமோக்கள் என்ற பொதுப் பெயருக்குள் அடக்கிவிடும். அது பிறர் இட்ட பெயர். இவர்கள் மொழியில் 'யுக்' என்றால் மனிதன்; 'பிக்' என்பது உண்மையானது என்னும் பொருள் தரும் விகுதி. 'உண்மை மனிதர்' என்பதே தம்மைப் பற்றி அவர்கள் சொல்லிக்கொள்வது.

எஸ்கிமோ என்றதும் பனிக்கட்டி வீடு உங்கள் நினைவுக்கு வரலாம். அதை மறந்துவிடுங்கள். இவர்கள் நாடு ஆறும் ஏரியும் சேறுமான தாழ்ந்த சமவெளி. கோடையில் சால்மன் மீன் ஆற்றில் கூட்டங்கூட்டமாக ஏறி வரும். வாத்துகளும் நாரைகளும் வந்து குஞ்சு பொரிக்கும். கடலில் சீல் என்னும் கடல்நாயும், நீண்ட இரு தந்தங்களையுடைய வால்ரஸும் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று, மரம். கடற்கரையை அடுத்த பகுதிகளில் பாசியும் புல்லும் முழங்கால் உயரப் புதரும் தவிர வேறொன்றும் வளர்வதில்லை.

மரம் வளராத நாட்டிலே உலகம் வியக்கும் மரச் சிற்பம் எப்படித் தோன்றியது? இங்கேதான் சுவையான செய்தி இருக்கிறது. யூக்கான் ஆறு கனடாவில் தோன்றி 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருவது. அதன் மேற்பகுதிகளில் ஊசியிலைக் காடுகள் அடர்ந்திருக்கின்றன. வசந்தத்தில் ஆற்றின் பனிக்கட்டி உடைந்து பெருவெள்ளம் புறப்படும்போது கரைகள் இடிந்து மரங்கள் வேரோடு விழுகின்றன. வெள்ளம் அவற்றைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. கடல் அவற்றைப் பட்டை உரித்து, உப்பில் ஊறவைத்து, மரமே கண்டறியாத கரையில் கொண்டுவந்து எறிகிறது. வீட்டின் தூண், படகின் சட்டம், உண்கலம், ஈட்டிக்காம்பு, முகமூடி ஆகிய அனைத்தும் இவ்வாறு ஒதுங்கிய கட்டையிலிருந்தே பிறந்தன. வெட்டிய மரத்தில் அல்ல, கிடைத்த மரத்தில் வேலை செய்தார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்கு வேண்டியிருக்கும்.

நம் தச்சரிடம் உள்ள வாய்ச்சி போன்ற ஒரு கருவியால் கட்டையைச் செதுக்கிப் பருவெட்டாக உருவாக்குவார்கள். பிறகு வளைகத்தியால் இழைத்து மெல்லியதாக்குவார்கள். காவிக்கல், கரி, வெண்களிமண் இவற்றைக் குழைத்து வண்ணம் தீட்டுவார்கள். முகத்தைச் சுற்றி, வளைத்த மரச்சிம்பால் ஒன்றோ இரண்டோ வளையங்கள் மாட்டுவார்கள். அவ்வளையங்களில் பறவை இறகுகளும், சிறிய மரக்கைகளும், துடுப்புகளும், மீன்களும் செருகப்பட்டிருக்கும். ஆடுபவன் தலையை அசைத்தால் இறகுகள் நடுங்கும், தொங்கும் மரத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதிச் சலசலக்கும். அவ்வளையத்தை 'எல்லா' என்ற சொல்லோடு தொடர்புபடுத்துகிறார்கள். அச்சொல்லுக்கு உலகம், வானிலை, உணர்வு என்ற மூன்று பொருளும் உண்டு. மழை பெய்வதையும் மனம் விழித்திருப்பதையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி அது. மொழியாசிரியனாகிய எனக்கு இச்செய்தி முகமூடியைக் காட்டிலும் வியப்பாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

இலக்கணத்தைத் தொட்டுவிட்டதால் மற்றொரு சொல்லையும் பார்த்துவிடுவோம். யுக் என்றால் மனிதன் என்றேன். 'யுவா' என்றால் 'அதன் மனிதன்' என்று பொருள். எதன் மனிதன்? சீலுக்குள் இருக்கும் மனிதன் சீலின் யுவா. ஆந்தைக்குள் இருப்பவன் ஆந்தையின் யுவா. பொருள்களுக்குங்கூட யுவா உண்டு. வடக்கே வாழும் இனுப்பியாக் மக்கள் இதையே 'இனுவா' என்பார்கள். பழங்காலத்தில் விலங்குகள் தம் மூக்கையும் வாயையும் ஒரு மூடியைப் போல நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு மனித முகம் காட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆதலால் அவர்கள் செதுக்கிய முகமூடிகள் பலவற்றில் ஒரு விலங்கின் முதுகிலோ கண்ணிலோ வாயினுள்ளோ ஒரு சிறிய மனித முகம் இருக்கும். சிலவற்றில் இரு சிறு கதவுகளே இருக்கும். அவற்றைத் திறந்தால் உள்ளேயிருந்து யுவா நம்மைப் பார்க்கும்.

இம்முகமூடிகள் அலங்காரத்திற்காகச் செய்யப்பட்டவையல்ல. வேட்டைக்காரன் திறமையால் மட்டும் சீல் கிடைப்பதில்லை. தன்னை மதிப்பவனிடம் சீல் தானே வந்து தன்னைக் கொடுக்கிறது என்று யூப்பிக் மக்கள் எண்ணினார்கள். கொடுத்ததற்குக் கைம்மாறு செய்யவேண்டும் அல்லவா? ஆண்டு முழுவதும் வேட்டையாடிய சீல்களின் நீர்ப்பைகளைப் பாதுகாத்து வைத்து, குளிர்காலத்தில் அவற்றிற்கு விருந்தும் பாட்டும் ஆட்டமும் அளித்து, பனிக்கட்டியில் துளையிட்டு மீண்டும் கடலுக்கு அனுப்பினார்கள். சீலின் உயிர் அப்பையில் இருக்கிறது, அது மறுபடி உடல் எடுத்து வரும் என்பது கருத்து. குளிர்கால விழாக்களின் வரிசையில் இறுதியாக வருவது முகமூடி ஆட்டம். வரும் ஆண்டில் விலங்குகள் நிறைய வரவேண்டும் என்று கேட்கும் வேண்டுதல் அது.

கஸ்கிக் என்பது ஆடவர் கூடும் பொது மனை. பாதி நிலத்துக்குள் புதைந்தது, மேலே புல்மண் மூடியது. சீல் எண்ணெய் விளக்கின் ஒளி. விலங்கின் தோற்சவ்வு கட்டிய பறைகளின் ஓசை. ஆடவர் முழந்தாளிட்டும் பெண்டிர் பின்னால் நின்றபடியும் ஆடுவார்கள். அங்கல்குக் எனப்படும் மருளாடி தான் கண்ட காட்சியைச் சொல்லச் சொல்ல, கைவல்லவர் அதை மரத்தில் செதுக்கியிருப்பார். ஒவ்வொரு முகமூடிக்கும் ஒரு பாட்டு உண்டு, ஒரு கதை உண்டு. தலையில் சுமக்க முடியாத அளவு பெரிதாகச் செய்துவிட்டால் கூரையிலிருந்து கயிற்றால் தொங்கவிட்டு, ஆடுபவர் அதன் பின்னே நின்று ஆடுவாராம்.

விழா முடிந்த மறுநாள் அவற்றை என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? எரித்துவிடுவார்கள், அல்லது சமவெளியில் போட்டு மக்கவிடுவார்கள். அதன் வேலை முடிந்தது. அடுத்த ஆண்டுக்கு வேறு கட்டை ஒதுங்கும், வேறு காட்சி தோன்றும்.

அப்படியானால் நாம் இன்று காணும் பழைய முகமூடிகள் எப்படித் தப்பின? வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனதால் தப்பின. 1877 முதல் 1881 வரை, நார்ட்டன் விரிகுடாவில் உள்ள செயிண்ட் மைக்கேல் என்னும் இடத்தில் எட்வர்ட் நெல்சன் என்ற இளைஞர் வானிலை நோக்கராகப் பணியாற்றினார். ஓய்வு நேரமெல்லாம் நாய்ச் சறுக்குவண்டியில் ஊர் ஊராகச் சென்று தூண்டில், கரண்டி, உடை, பொம்மை, முகமூடி என்று ஏறத்தாழ 10,000 பொருள்களை வாங்கி வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். கரைவாசிகள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டினார்கள்: 'ஒன்றுக்கும் உதவாதவற்றை வாங்கும் மனிதர்' என்று. அவர்கள் கண்ணில் ஆடி முடிந்த முகமூடி ஒன்றுக்கும் உதவாததுதானே! அவர் 1899-இல் வெளியிட்ட பெருநூல் இன்றளவும் இத்துறையில் அடிப்படையான நூலாக இருக்கிறது. அதே காலத்தில், 1882, 1883 ஆகிய ஆண்டுகளில், நார்வே நாட்டு யாக்கோப்சன் என்பவர் பெர்லின் அருங்காட்சியகத்துக்காக இக்கரைகளில் பொருள் திரட்டினார்.

நெல்சன் திரட்டியவற்றுள் ஒரு பெரிய முகமூடி உண்டு. விலங்குகளைக் காத்து, வேண்டும்போது பூமிக்கு அனுப்பும் ஆவியின் முகம் அது. துங்காக் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். இத்தகைய முகமூடிகளில் காணும் கைகளைக் கவனிக்கவேண்டும். கட்டைவிரல் இருக்காது, உள்ளங்கையில் ஓர் ஓட்டை இருக்கும். கட்டைவிரல் இல்லாத கையால் எதையும் இறுகப் பிடிக்க முடியாது. ஓட்டையுள்ள கையில் எல்லாமே தங்கிவிடாது, சில விலங்குகள் நழுவி மனிதரிடம் வந்து சேரும். இவ்வாறு ஒரு விளக்கம் சொல்வார்கள். உலகுக்கும் உலகுக்கும் இடையே உள்ள வழி அது என்றும் சொல்வதுண்டு.

வாங்கிச் சென்றவர்களுக்குப் பின்னே மாற்ற வந்தவர்களும் வந்தார்கள். 1885-இல் மொரேவியக் கிறித்தவ சபையினர் கஸ்கோக்விம் ஆற்றங்கரையில் பெத்தேல் என்ற நிலையத்தை நிறுவினார்கள். பின்னர் யூக்கான் பக்கம் கத்தோலிக்கக் குருமார் வந்தார்கள். முகமூடி ஆட்டத்தைப் பல இடங்களில் பொய்த்தெய்வ வழிபாடு என்று தடுத்தார்கள். பெத்தேலின் முதல் குருமாருள் ஒருவரான ஜான் கில்பக் என்பவரே டெலவேர் என்னும் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1900-ஆம் ஆண்டில் நச்சுச் சளிக்காய்ச்சலும் தட்டம்மையும் சேர்ந்து வந்து ஊர் ஊராக மக்களைக் கொன்றன. பாட்டுத் தெரிந்த முதியோர் மாண்டனர். மருளாடியால் நோயைத் தடுக்க முடியவில்லை என்பதும் மக்கள் மனத்தை மாற்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் முகமூடி ஆட்டம் பெரும்பாலும் நின்றுபோயிற்று. பறையும் ஆட்டமும் சில ஊர்களில் தப்பின.

முகமூடிகளோ வேறு வாழ்வு வாழத் தொடங்கின. பெத்தேல் பக்கத்து வணிகர் ஒருவர் வழியாக நியூயார்க்கின் அமெரிக்க இந்தியர் அருங்காட்சியகத்துக்குச் சென்றவற்றுள் சில, 1940-களில் கார்லேபாக் என்பவரின் கடை மூலம் விற்கப்பட்டன. போருக்குத் தப்பி நியூயார்க்கில் தங்கியிருந்த ஐரோப்பியக் கலைஞர்களும் அறிஞர்களுமான மாக்ஸ் எர்ன்ஸ்ட், ஆந்திரே பிரெத்தோன், லெவி ஸ்திராஸ் முதலியோர் அக்கடையை மொய்த்தனர். அன்று எளிய விலைக்குப் போன அம்முகமூடிகளுள் ஒன்று 2011-இல் 20 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. ஒன்றுக்கும் உதவாதது!

இத்தனையும் நடந்து முடிந்த பிறகு பிறந்தவர்தான் நம் சிற்பி. லாரி பெக் என்னும் லாரன்ஸ் பெக் 1938-இல் சியாட்டில் நகரில் பிறந்தார். முன்னோரின் ஆற்றுமுகத்திலிருந்து அந்நகரம் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. விமானம் கட்டும் தொழிற்சாலைகளும் துறைமுகமும் உள்ள பெருநகரம் அது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஓவியமும் சிற்பமும் பயின்று 1960-களின் நடுவில் பட்டம் பெற்றார். அன்றைய கலைக்கல்லூரிகளில் நவீன வடிவங்களுக்கே மதிப்பு. அவரும் அவ்வாறே உலோகத்தில் பெரிய, உருவம் சாராத வடிவங்களைச் சமைத்தார். பூங்காக்களிலும் பொது வெளிகளிலும் நிற்பதற்கான படைப்புகளை உருவாக்கினார். அவ்வாறு சியாட்டிலுக்கு அவர் செய்தளித்த பொதுச் சிற்பம் ஒன்றுக்கு எஸ்கிமோ மொழிச் சொற்களாலேயே நீண்ட பெயர் இட்டார். 'பொற்காசு நிலா' என்பது அதன் பொருள். வடிவம் நவீனமாக இருந்தபோதே பெயர் முன்னோரின் பக்கம் திரும்பிவிட்டது பாருங்கள்.

அடுத்து அவர் முகமூடிகளின் பக்கம் திரும்பினார். அவர் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. நெல்சன் நூலில் உள்ள படங்களைப் பார்த்து அப்படியே மரத்தில் செதுக்கலாம். அது மதிப்பான வழியே. பலர் அவ்வாறு செய்து நன்றாகவே செய்திருக்கிறார்கள். அலாஸ்காவுக்குச் சுற்றுலா வருவோர் அதையே வாங்கவும் விரும்புவார்கள். பெக் அவ்வழியில் செல்லவில்லை. தம் நிலையை அவர் விளக்கிச் சொன்னதன் சாரம் இது: நான் எஸ்கிமோ, இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கனும் நானே. கட்டையும் உடைந்த கப்பலின் சிதறல்களும் ஒதுங்கிய முன்னோரின் கடற்கரை எனக்கு இல்லை. நான் நகரத்தில் இருக்கிறேன். காயலான் கடையும் குப்பைத் தொட்டியும் ஆலைக் கழிவுமே என் கரை. அங்கே ஒதுங்குவதை நான் பொறுக்குகிறேன். இந்த முறையைப் பழைய கலைஞர்கள் கண்டால் தம்முடையது என்று புரிந்துகொள்வார்கள்.

இதைப் படித்தபோது, ஆற்றில் மிதந்து வரும் கட்டை எனக்குப் புதிதாகத் தெரிந்தது. அக்கரைவாசிக்கு மரம் என்பது 'இயற்கைப் பொருள்' என்ற வகைப்பாட்டில் வந்த ஒன்றன்று. எங்கோ, தான் காணாத காட்டில், வேறு வாழ்வு வாழ்ந்து, வீழ்ந்து, அடித்து வரப்பட்டுத் தன் காலடியில் கிடந்த ஒன்று. கப்பல் உடைந்து ஒதுங்கிய ஆணியும் செம்புத் தகடும் அவனுக்கு அதே கணக்கில்தான் சேர்ந்தன. கிடந்ததற்குள் ஒரு முகத்தைக் கண்டான் என்பதே அவன் கலை. மரம்தான் மரபு என்று முடிவு கட்டியவர்கள் அருங்காட்சியகத்தில் அம்முகமூடிகளைப் பார்த்த நம்மைப் போன்றவர்களே.

பெக் பொறுக்கியவற்றின் பட்டியலைக் கேளுங்கள். வீல் கப்புகள், அவற்றுள்ளும் பிதுங்கிய நிலாப்போல வழவழப்பாக இருந்து, அமெரிக்க இளைஞர்களால் 'குட்டி நிலா' என்று அழைக்கப்பட்ட வகை. தேய்ந்த டயர்த் துண்டுகள். தோசைத் திருப்பி போன்ற சமையலறைத் தட்டகப்பைகள். கார் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றும் இடுக்கி. உலோக நாற்காலியின் கால்கள். பல் மருத்துவர் நம் வாய்க்குள் விட்டுப் பார்க்கும், நீண்ட காம்புள்ள சிறு வட்டக் கண்ணாடிகள். இவற்றை ரிவெட் ஆணிகளால் பிணைத்தார். அவர் 1982-இல் செய்த ஒரு முகமூடிக்கு 'ஊகெர் உக் இனுவா' என்று பெயர், அதாவது வால்ரஸ் ஆவி. இனுவா என்ற சொல்லையே அவர் தம் முகமூடிகளுக்கு இட்டு வழங்கினார். நெல்சன் திரட்டிய பொருள்களைக் கொண்டு ஸ்மித்சோனியன் நடத்திய பெரிய கண்காட்சிக்கும் அதே ஆண்டில் 'இனுவா' என்றே பெயரிட்டார்கள் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

மேம்போக்காகப் பார்ப்பவர்க்கு இவை வேடிக்கையாகத் தோன்றும். பெக்குக்கு நகைச்சுவை உண்டு என்பதை மறுக்கவேண்டியதில்லை. பழைய முகமூடிகளிலும் கோணல் வாயும் கேலிச் சிரிப்பும் நிறைய உண்டே. ஆனால் உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு குப்பைப் பொருளும் பழைய உறுப்பொன்றின் இடத்தில் நிற்பது தெரியும். வட்ட மூடி முகத்தையும் தருகிறது, அதைச் சூழும் உலக வளையத்தையும் தருகிறது. இறகு நின்ற இடத்தில் பல் மருத்துவரின் கண்ணாடி நிற்கிறது. அது இறகைப் போலவே விளக்கொளியைப் பிடித்து நடுங்குகிறது. வேட்டைக்காரன் நாட்டில் இறகு எவ்வளவு எளிதாகக் கிடைக்குமோ அவ்வளவு எளிதாக நகரத்தின் கழிவில் இவை கிடைக்கின்றன.

இன்னொன்று. இதை எந்த நூலிலிருந்தும் எடுத்துச் சொல்லவில்லை, என் கருத்தாகவே சொல்கிறேன். வீல் கப் கண்ணாடிபோல் பளபளப்பது. அதனால் ஆகிய வால்ரஸின் முகத்தை நேரே நின்று பார்ப்பவர் அதில் தம் முகத்தையே சிறிதாக, வளைந்து காண்பார். விலங்கின் முகத்துக்குள்ளே ஒரு மனித முகம்! முன்னோர் அதைக் கத்தியால் செதுக்கினார்கள். இங்கே பார்வையாளரே யுவாவாக வந்து நிற்கிறார்.

இத்தனை புகழ்ந்துவிட்டேன். மாணவர்களாகிய நீங்கள் ஒரு தடை எழுப்ப வேண்டும். இவற்றை யூப்பிக் முகமூடி என்று எப்படிச் சொல்வது? இவற்றிற்குப் பாட்டு இல்லை. இவற்றை அணிந்து எவரும் ஆடவில்லை. சீலை வருமாறு இவை கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் எரிக்கப்படவும் இல்லை. சுவரில் தொங்கி, விலைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. தடை வலுவானது. நான் அதற்கு முழு விடை சொல்ல முடியும் என்று பாசாங்கு செய்யமாட்டேன். பெக் எடுத்துக்கொண்டது மரபின் ஒரு கூறு மட்டுமே, அதாவது கிடந்ததில் முகம் காணும் கண். ஊரும் பாட்டும் சேர்ந்த மறுகூறு ஒரு தனி மனிதர் தம் பட்டறையில் செய்யக்கூடியதன்று.

அந்த மறுகூறு எங்கே கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். 1996-இல் ஓர் அரிய கண்காட்சி நடந்தது. பல அருங்காட்சியகங்களிலிருந்து பழைய முகமூடிகளைக் கடனாகப் பெற்று, பேரிங் கடற்கரையில் உள்ள டாக்சூக் பே என்னும் சிற்றூரிலேயே அதனை முதலில் திறந்தார்கள். பிறகுதான் பெத்தேலுக்கும் ஆங்கரேஜ் நகருக்கும் சென்றது. 'வேண்டுதல் செய்யும் நம் முறை' என்பது அதற்கு யூப்பிக் மொழியில் இட்ட பெயர். முன்னாளில் முகமூடி ஆட்டத்து வேண்டுதலைக் குறித்த அச்சொல்லையே பின்னாளில் கிறித்தவ செபத்துக்கு வழங்கினார்கள். அதே சொல்லால் அம்முகமூடிகளை அவர்கள் மீண்டும் வரவேற்றார்கள். குழந்தைப் பருவத்தில் கடைசி ஆட்டங்களைக் கண்டிருந்த முதியோர் சிலர் அன்று உயிரோடு இருந்தனர். முகமூடிகளைப் பார்த்து அவர்கள் பேசியவை, நினைவுகூர்ந்த பாட்டுகளும் கதைகளும், மானிடவியல் அறிஞர் ஆன் ஃபீனப் ரியோர்டனும் யூப்பிக் மொழிபெயர்ப்பாளர்களும் சேர்ந்து செய்த பணியால் நூலாயின. 1997-இல் யூப்பிக் முதியோர் குழு ஒன்று பெர்லினுக்கே சென்று, யாக்கோப்சன் கொண்டுபோன பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்து, எது எதற்கு என்று அருங்காட்சியகத்தாருக்கு எடுத்துச் சொன்னது. நூறாண்டுக்கு மேலாகக் காத்திருந்த பெயர்ச்சீட்டுகள் அப்போது திருத்தம் பெற்றன.

லாரி பெக் இவற்றைக் காணவில்லை. அவர் 1994-இல் காலமானார். டாக்சூக் பே முதியோர் அவருடைய வால்ரஸ் ஆவியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. இதற்கு உரிய பாட்டு எது என்று கேட்டிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. அக்கேள்விக்கு அவரிடம் விடை இருந்திருக்காது. ஆயினும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, ரிவெட் அடித்த முறையைக் குறைந்தது ஒருவராவது மெச்சியிருப்பார். நல்ல வேட்டைக்காரர்கள் எல்லோரும் கருவியறிந்தவர்களே.

என் மாணவன் செய்த முகத்தை எண்ணிப் பார்க்கிறேன். அவன் தந்தையின் கடைக்கு எதிரே இருந்த பள்ளம் எனக்குத் தெரியும். ஊரில் உடைந்த மிதிவண்டி உறுப்புகளெல்லாம் அங்கேதான் வந்து விழும். பிறந்தது முதல் அவன் பார்த்த கரை அதுதான். அந்த முகத்தின் வாய் எப்படி இருந்தது என்பது எனக்கு இப்போது நினைவில்லை. கண்கள் மட்டும் நினைவிருக்கின்றன. இரண்டும் விளக்குக் கண்ணாடிகள். ஒன்று முழுசு, ஒன்று விரிசல் விட்டது. நான் குனிந்து விதியைப் படித்துக் காட்டியபோது அவ்விரண்டிலும் ஒரு தலைமையாசிரியர் தெரிந்தார்.